தொரைக்குத் தெரியாத வீடு

அக்காவின் கழுத்தில் எந்நேரமும் ஒரு தொரை தொங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி அது. திரை கிடையாது. தடவினால் விரலுக்குத் தெரிகிற மாதிரி பட்டன்கள் மட்டும் இருக்கும். நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம், அடுத்த முச்சந்தி எவ்வளவு தூரம், பக்கத்தில் இருப்பது பேங்கா மருந்துக்கடையா என்று வாய்விட்டுச் சொல்லும். கண் தெரியாதவர்களுக்காகவே செய்த ஜி.பி.எஸ். கருவி. அதில் பேசுகிறவன் வெள்ளைக்காரன். சாலைக்கு மலாயில் சொல்லும் ‘ஜாலான்’ என்பதை ‘ஜேலன்’ என்பான். சந்துக்கு ‘லோரோங்’ என்று வந்துவிட்டால் சுடச்சுட மரவள்ளிக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டவன் மாதிரி திணறுவான். அதனால் அக்கா அவனுக்குத் தொரை என்று பெயர் வைத்திருந்தார். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர்களை நம் ஆட்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“எங்கப்பா தொரைக்கு வேலை செஞ்சாரு. எனக்குத் தொரை வேலை செய்றான்லா,” என்பார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் டீ கலக்கப் போவார். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்லிச் சிரிப்பார்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் எனக்கு வேலை கிடைத்தபோது வாடகைக்கு அறை தேடிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்து, தன் சம்பளத்தில் வாங்கிய சின்ன வீடு. கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது என்று அவரே ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ ‘ஐயோ பாவம்’ சொல்ற ஆளா?”

“ஷிப்ட் வேலைக்கா. எனக்குப் பாவப்படவே நேரமில்ல,” என்றேன்.

“அப்ப வா. ரூமைப் பாரு,” என்றார்.

தொரை வந்த கதையும் ஒரு சண்டைக் கதைதான். அக்காவின் அம்மா அவருடைய கல்யாணத்துக்கென்று ஒரு தங்கச் சங்கிலி எடுத்து வைத்திருந்தார். அக்காவுக்கு ஐம்பதை நெருங்கிவிட்டது. கல்யாணமும் வரவில்லை, சங்கிலியும் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் அதை விற்று, பினாங்கில் தெரிந்தவர் மூலமாக இந்தப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டார். பெண்டாங்கில் சில்லறைக் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் விஷயம் தெரிந்ததும் காடியை ஓட்டிக்கொண்டு நேராகக் கூலிம் வந்து நின்றார்.

“அம்மா குடுத்த சங்கிலிலா அது!”

“கழுத்துக்குன்னுதானே குடுத்தாங்க? கழுத்துலதான் போட்டிருக்கேன்,” என்றார் அக்கா, பெட்டியைத் தட்டிக் காட்டி.

போனிலேயே இதெல்லாம் இருக்கிறதே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். “ஒரு கையில கம்பு. இன்னொரு கையால கண்ணாடியைத் தேய்ச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கவா? மழை பேஞ்சா போன் முக்காடு போட்டுக்கும். தொரை நனைஞ்சாலும் பேசுவான்,” என்றார். வாயாடி. அவரிடம் வாயைக் கொடுத்து யாரும் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய உண்மையான குணம் வாயாடித்தனம் அல்ல. வேலை எதுவும் இல்லாமல் வெளியே போவது. அதுதான் அவர். கண் தெரியாத ஒருவர் வேலைக்குப் போனால் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போனாலும் சரி. சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றால் மட்டும் எல்லாருக்கும் மூக்கு வேர்த்துவிடும். எதுக்கு, அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பார்க்கப் போகிறாய் என்று ஒரு விசாரணை நடக்கும். “இருக்குதான்னு பாக்கப் போறேன்,” என்பது அவருடைய நிரந்தரப் பதில். சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து தொரையின் பட்டன்களை அமுக்கி, போகாத ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நிஜமாகவே போய்விடுவார்.

போகிற இடத்திலெல்லாம் உதவி செய்கிறவர்களின் தொல்லைதான் பெரிய தொல்லை. ரோட்டோரம் நின்று அக்கா தொரையைக் கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது ஒரு புண்ணியவான் வந்து கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போவார். அக்கா திரும்பி வருவதற்குள் இன்னொரு புண்ணியவதி. “கண்ணு தெரியாதவங்களுக்குப் போறதுக்கு ஒரே ஒரு எடம்தான் இருக்குன்னு நெனைக்கிறாங்க. அந்தப் பக்கம்!” என்பார். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, டிஷ்யூ விற்க வந்தவர் என்று நினைத்து “டிஷ்யூ வேணாம்மா” என்பார்கள். கடைக்காரர் அக்காவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு என்னைக் கேட்பார், “இவங்களுக்கு டீயில சீனி போடலாமா?” என்று. “அவங்களையே கேளுங்க, வாய் நல்லாவே இருக்கு,” என்பேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு தடவை என்னைக் கரங்கானுக்குக் கூட்டிப்போனார். ஆமாம், அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னிடம் வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லக்கா. செம்பனைதான்.”

“ஒண்ணுமில்லாத எடத்துக்கா பஸ் விட்டிருக்கான்?”

இறங்கித் தோட்டத்துப் பக்கம் பிரிகிற மண் பாதையில் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் தொரை ‘அருகில் தெரு எதுவும் இல்லை’ என்று கையை விரித்துவிட்டான். எனக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. அக்காவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “முழிக்கிறான் பாரு! இனி நான் சொல்றதை அவன் கேக்கணும்.” அந்தப் பெட்டியில் நாமாகவே ஓர் இடத்தைப் பதிந்து, அதற்கு நம் குரலிலேயே பெயர் வைக்கலாம். அடுத்த முறை அந்த இடத்தை நெருங்கும்போது நம் குரலே நமக்குச் சொல்லும். அக்கா நின்று நின்று பெயர் வைத்துக்கொண்டு வந்தார். “மேடு. மூச்சு வாங்கும்.” “நாய் உண்டு. கடிக்காது.” “ஓடை.”

ஓடைக்கருகே தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார். யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றார் அக்கா. அந்த ஆள் கம்பைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் என் பக்கம் திரும்பி, “இவங்க என்னத்தைப் பாக்கறது?” என்றார்.

“தம்பி, இந்த ஓடையில மீனு இருக்கா?” என்று கேட்டார் அக்கா.

“இருக்கு.”

“இருக்குல்ல? அதைத்தான் பாக்க வந்தேன். பாத்துட்டேன். வரட்டா?”

அந்த ஆள் மோட்டாரைக் கிளப்ப மறந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

தொரையிடமிருந்து அக்கா கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. தெரு இல்லாத இடத்தில் அவன் கடிகாரக் கணக்கில் திசை சொல்வான். நேர் முன்னால் என்றால் பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று மணி. நானும் “அக்கா, சாவி ஒம்பது மணியில கெடக்கு” என்று சொல்லப் பழகிவிட்டேன். வாழை இலையில் சாப்பிடும்போது மட்டும் அவருக்கு அதுவும் தேவையில்லை. உப்பும் ஊறுகாயும் எந்த மூலையில், பொரியல் எங்கே, சோறு எங்கே என்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “தொரை இல்லாமலே நான் ஊர் சுத்துற ஒரே எடம் இது,” என்று இலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொல்வார். அப்பளத்தை நொறுக்கி, குழம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிடுவார்.

அண்ணன் வீட்டில் அவருக்கு இலை கிடையாது. சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் அண்ணனே ஒரு மங்குக் கிண்ணத்தில் போட்டுப் பிசைந்து, ஒரு கரண்டியைச் சொருகிக் கையில் கொடுத்துவிடுவார். “சிந்திடுவாளேன்னு பயம் அவனுக்கு. பாசம்தான். ஆனா எதை அள்ளினாலும் ஒரே ருசிலா,” என்றார் அக்கா. அவர் குறைசொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மா சாகும்போது தங்கையை அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் அந்தக் கையை விடவே இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்கா சமையலறைக்குப் போவதற்குள் “பாத்து, பாத்து” என்று பத்துத் தடவை கத்துவார். சொந்த வீட்டில், தான் தினமும் நடக்கிற தரையில், அன்று மட்டும் அக்கா எதிலாவது இடித்துக்கொள்வார்.

இந்த நிலையில் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எல்லாம் தானாக இணைக்கிற முறைக்கு மாறி, அக்கா வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். கொஞ்ச நாளில் எங்கள் குடியிருப்புத் தாமானின் மூடாத லோங்காங்கில் கால் தவறி விழுந்து முழங்காலுக்குக் கீழே நன்றாகச் சிராய்த்துக்கொண்டார். சாக்கடையில் விழுவது எங்கள் தாமானில் பெரிய சேதியே இல்லை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நானே அதே இடத்தில் விழுந்திருக்கிறேன். ஆனால் அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

“வேலையும் இல்ல. இனி எதுக்கு இங்க தனியா? வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வந்துடு. ரூமுக்கு ஏர்கான் போட்டு வெச்சிருக்கேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திரு.”

“சும்மா உக்காரத்தான் பயமா இருக்கு அண்ணே.”

“அந்தப் பெட்டியை நம்பி ரோட்டுல அலையறதுக்கு இது மேல்தானே?”

அக்கா காலில் கட்டுப் போட்டிருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “உன் வீட்டுக்கு நானே வரேன். தனியா, பஸ்ஸுல. யாரும் கூட வரக் கூடாது, யாரும் வந்து அழைக்கக் கூடாது. வழி கேப்பேன். வழி எல்லாரும்தான் கேக்கறாங்க. வந்து சேந்துட்டேன்னா என்னை என் வீட்டுலயே விட்டுடு. எங்கயாவது மாட்டிக்கிட்டு நீ வந்து கூட்டிக்கிட்டுப் போறாப்புல ஆச்சுன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து உன் ஏர்கான்லயே உக்காந்துக்கறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “சரி” என்றார். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

கால் ஆறியதும் அக்கா கிளம்பினார். அன்று எனக்குக் காலை ஷிப்ட். அவருடைய போன் எங்கே இருக்கிறது என்பது என் போனில் நீலப் புள்ளியாகத் தெரிகிற மாதிரி செய்து வைத்தேன். அதற்கும் ஒரு நிபந்தனை. “பாரு. ஆனா நான் கூப்பிட்டாத்தான் அண்ணனுக்குச் சொல்லணும். நீயா அவனைக் கூப்பிட்டா என் வீடு போச்சு.”

எங்கள் ஃபேக்டரியில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நின்று வேலை செய்ய வேண்டும். போனெல்லாம் வெளியே லாக்கரில். காலை இடைவேளையில் ஓடிவந்து பார்த்தேன். புள்ளி சுங்கைப்பட்டாணியைத் தாண்டியிருந்தது. தைரியமாக ஒரு கறிபஃப் சாப்பிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தபோது புள்ளி பெண்டாங்கைத் தாண்டி, வயல் நடுவே இருந்தது. அசையவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். புள்ளியை ஒட்டிக் கோடு மாதிரி தண்ணீர் தெரிந்தது. அண்ணன் வீட்டுக்கு நான் போனதே இல்லை. எது வீடு, எது வழி என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் தெரிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. புள்ளி அப்படியே கிடந்தது.

அண்ணனின் பெயரைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு லாக்கர் முன்னால் நின்றேன். ஒரு தடவை தட்டினால் போதும், அவர் காடியை எடுத்துக்கொண்டு பறந்து போவார். அக்காவும் பிழைத்துக்கொள்வார். பிறகு ஆயுள் முழுக்க மங்கும் கரண்டியும்தான். கேட்காமல் கையைப் பிடித்து ‘அந்தப் பக்கம்’ கொண்டுபோய் விடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். எத்தனை பேரை நாங்கள் இருவரும் கிண்டல் செய்து சிரித்திருக்கிறோம். வெளியில் நின்று பார்க்கிறபோதுதான் தெரிகிறது, அவர்கள் கையும் இப்படித்தான் பதறியிருக்கும் என்று. மணி அடித்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். கையுறைக்குள் விரலெல்லாம் வேர்த்து ஊறிப்போயிற்று. உடம்பு சரியில்லையா என்று சூப்பர்வைசர் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் புள்ளியே இல்லை. அக்காவின் குரல் மட்டும் வந்து காத்திருந்தது. பின்னால் சட்டி பாத்திரச் சத்தம். “வந்துட்டேன்டி. அண்ணி வடை சுடறாங்க. போனுல சார்ஜ் இல்ல, அண்ணி போனுல பேசறேன். நாளைக்கு வரேன், மிச்சம் வீட்டுல.” லாக்கரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் அழுதேன். அழுது முடித்தபிறகு அவர்மேல் பயங்கரக் கோபம் வந்தது.

மறுநாள் சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நடந்தது இதுதான். அண்ணன் மகளின் சடங்குக்குப் போயிருந்தபோது, காடியிலிருந்து இறங்கியதும் ஆளாளுக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ‘வீட்டுக்கு வந்தாச்சு’ என்றார்கள். அக்காவும் நம்பி, தொரையிடம் “அண்ணன் வீடு” என்று அந்த இடத்தைப் பதிந்துவிட்டார். அது வீடு இல்லை. வீட்டு முற்றம் சின்னது என்பதால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துத் திடலில் போட்டிருந்த கூடாரம். கூடாரத்தைப் பிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

“தொரை என் குரல்லயே ‘அண்ணன் வீடு’ங்கறான். கையை நீட்டிப் பாத்தா காத்துதான் இருக்கு. நாலடி வெச்சேன். கம்பு சர்ருனு எறங்கிடுச்சு. தண்ணிச் சத்தம்.”

“அக்கா!”

“என்ன அக்கா? நின்னுட்டேன்ல. அப்பறம் பசி வந்துடுச்சு. பஸ் ஸ்டேசன்ல நாசி லெமாக் பொட்டலம் ஒண்ணு வாங்கியிருந்தேன். கரையில உக்காந்து பிரிச்சு வெச்சுச் சாப்பிட்டேன். பைக்குள்ள நீ கத்திக்கிட்டு இருந்தே. கையெல்லாம் சம்பல், எப்படி எடுக்கறது? காத்து நல்லா இருந்துச்சுலா. எங்கயோ அறுவடை மெசின் ஓடிக்கிட்டு இருந்தது.”

பிறகு மோட்டாரில் போன மலாய்க்காரர் ஒருவரிடம், சில்லறைக் கடைக்காரர் வீடு எது என்று கேட்டிருக்கிறார். அவர் ‘அதோ அங்கே’ என்று கையைக் காட்டியிருக்கிறார். பழக்கதோஷத்தில் அக்கா, “எத்தனை மணியில?” என்று மலாயில் கேட்க, அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மரியாதையாக மணி சொல்லியிருக்கிறார். இருவரும் சிரித்து முடித்தபின் அவர் வழி சொன்னார். வலது பக்கம் கரையோடு போனால் பாலம், பாலத்தைத் தாண்டினால் வீடு. கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்கா கைலியைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். பழைய சிராய்ப்புக்குப் பக்கத்தில் காசு அளவுக்கு ஒரு புதிய சூட்டுக்காயம்.

“அண்ணன் வீட்டு வாசல்ல மோட்டார் நின்னுச்சு. ஒரசிட்டேன். புகைக்குழாய் கொதிக்குது. உள்ள போனா அவன் டிவி முன்னால உக்காந்துக்கிட்டு, ‘வந்துட்டியா? நான் காலையிலேர்ந்து வீட்டை விட்டு நவுரவே இல்ல’ங்கறான்.” சொல்லும்போதே அவர் குரல் மாறிவிட்டது. “எங்கயோ நின்னு என்னைப் பாத்திருக்கான்டி. பாத்தும் கூப்பிடல. நான் ரெண்டடி வெச்சா ‘பாத்து’ன்னு கத்தறவன். நேத்து வாயைத் தொறக்கல.”

“கேக்க வேண்டியதுதானே?”

“கேக்க மாட்டேன். காயத்தைப் பாத்துட்டு என்னன்னு கேட்டான். கொசுக்கடின்னு சொல்லிட்டேன். அவன் குடுத்ததுலயே பெருசு இதுதான். அதைப் போய்க் கேட்டுக் கெடுக்கறதா?”

அண்ணன் வாக்கைக் காப்பாற்றினார். அதன்பிறகு சில வருஷங்கள் அக்கா தன் இஷ்டத்துக்குச் சுற்றினார். பினாங்கு ஃபெர்ரிப் படகில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நாள் முழுக்கப் போய்வந்தார். ஒரு மழை நாளில் எங்கள் மாநிலம் முடிகிற பெர்லிஸ் எல்லைவரை போய், ‘இங்க கெடா முடியுது’ என்று தொரையிடம் சொல்லிவைத்துவிட்டு வந்தார். எனக்குக் கல்யாணமாகி நான் சுங்கைப்பட்டாணிக்குப் போன பிறகு ஒரு மாலை வீட்டுச் சோபாவிலேயே மாரடைப்பில் போய்விட்டார். இழவு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், “ரோட்டுல அடிபட்டுட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டார்கள். “இல்ல, சோபாவுல உக்காந்திருந்தாங்க. நீங்களும் பாத்து உக்காருங்க,” என்று ஒருவருக்குச் சொல்லியேவிட்டேன். எனக்கு அவ்வளவு எரிச்சல்.

கருமாதி பெண்டாங்கில், அண்ணன் வீட்டில். பாலத்தைத் தாண்டித்தான் போனேன். அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, அதற்குக் கீழே கம்பையும் தொரையையும் வைத்திருந்தார்கள். தொரைக்குச் சார்ஜ் இல்லை. வாசலில் அதே பழைய மோட்டாருக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார்.

“அன்னிக்கு அவ வந்தாளே. நான் இங்க இல்லம்மா. அந்த வாழைத்தோப்புக்குள்ள மோட்டாரை வெச்சுக்கிட்டு நின்னேன். எதிர்க்கரையில நேரா தண்ணியைப் பாத்து வரா. உசுரே போயிடுச்சு. கத்தினா பதறி விழுந்துடுவாளோன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். நின்னா. கம்பைவிட்டுப் பாத்தா. இனி எப்படியும் என்னைத்தான் கூப்பிடுவான்னு நெனைச்சேன். அவ செருப்பைக் கழட்டிட்டு உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டா.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

“நான் அவளைத் தனியா பாத்ததே இல்லம்மா. நான் எதிர்ல இருந்தா அவ எப்படித் தனியா இருப்பா? அன்னிக்குத்தான் பாத்தேன். சோத்துல கொஞ்சம் எடுக்கறா, நெத்திலியைத் தேடிச் சேத்துக்கறா, காத்துக்கு மூஞ்சியைக் காட்டறா. ஒரு பருக்கை கீழ விழல. நான் அத்தனை வருசம் பிசைஞ்சு குடுத்தேனே... இதை அவகிட்டச் சொல்லவே இல்ல. என்னமோ கூச்சமா இருந்துச்சு.”

அக்கா அதைக் கெடுக்க விரும்பவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனால் இனி கெடுவதற்கு என்ன இருக்கிறது? மோட்டாரின் புகைக்குழாயைக் காட்டிச் சொன்னேன், “அவங்களுக்குத் தெரியும் அண்ணே. அன்னிக்கு இதுல காலைச் சுட்டுக்கிட்டாங்க. நீங்க நின்னு பாத்தீங்க, கூப்பிடலன்னு எங்கிட்டச் சொல்லி அழுதாங்க. நீங்க குடுத்ததுலயே பெருசு அதுதானாம்.”

அண்ணன் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “கொசுக்கடின்னாளே! திருட்டுக் கழுதை,” என்று சிரிக்கத் தொடங்கியவர், சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். என்னாலும் அங்கே நிற்க முடியவில்லை.

உள்ளே படையலுக்கு இலை போட்டாகிவிட்டது. உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம், வடை. நடுவில் சோறு. அண்ணி குழம்புக் கரண்டியைச் சோற்றுக்கு மேலே கொண்டுபோனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கிண்ணத்தை எடுத்துக் குழம்பை அதில் ஊற்றச்சொல்லி, இலையின் ஓரத்தில் தானே வைத்தார்.

“மேல ஊத்தாத,” என்றார். “அவளே பிசைஞ்சுக்குவா.”